பரவாயில்லை, யாருக்கும் நடக்கும்: பிழையைப் பொறுக்கும் ஆங்கிலத் தொடர்கள்

வெள்ளவத்தையில் ஒரு ஸ்டேஷன் ரோட் இருக்கிறது. தெஹிவளையிலும் ஒரு ஸ்டேஷன் ரோட் இருக்கிறது. இரண்டும் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்குகிறவை, இரண்டும் ரயில் நிலையத்துக்குப் போகிறவை. கொழும்பில் ஓர் ஒபிஸில் புதிதாகச் சேர்ந்த ஒரு தங்கச்சி, வெள்ளவத்தைக்குப் போக வேண்டிய பார்சலைத் தெஹிவளைக்கு அனுப்பிவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளரிடம் மன்னிப்புக் கேட்டு மெயில் போடுகிறாள். பதில் ஒரே வரியில் வருகிறது: “நோ ப்ரொப்ளம், ஆன் ஈஸி மிஸ்டேக் டு மேக்.”

அவள் கண்ணில் படுவது ‘மிஸ்டேக்’ என்ற சொல் மட்டும்தான். மனுஷன் பிழையைக் குத்திக் காட்டுகிறார் என்று நினைத்து மறுபடியும் ஒரு மெயில் எழுதுகிறாள். அதில் ஒரு சொரி, அதற்குக் கீழே இன்னொரு வெரி சொரி, கடைசியில் ‘இனிமேல் இப்படி நடக்காது’ என்று ஓர் உறுதிமொழி. அவரோ அந்த ஒரு வரியோடு விஷயத்தை மறந்துவிட்டார்.

கொழும்பில் வேலை செய்யும் நம் பிள்ளைகளில் பலர் இந்த இடத்தில் தடுமாறுகிறார்கள். வேலை தெரியும், இலக்கணம் தெரியும், மெயில் எழுதவும் வரும். ஆனால் ஒருவர் இன்னொருவரின் பிழையைப் பெரிதாக எடுக்காமல் விடும்போது ஆங்கிலத்தில் எப்படிக் கதைப்பார் என்பதை யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தருவதில்லை. அதனால் ஆறுதலாகச் சொன்னதை அதட்டலாக எடுத்துக்கொண்டு, ராத்திரி முழுக்க மனதைப் போட்டு வருத்திக்கொள்கிறார்கள். அன்பாகச் சொன்ன ஒரு வார்த்தை இப்படி வீணாகப் போவது எனக்குப் பெரிய கவலை. அதற்காகத்தான் இந்த விளக்கம்.

முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் பிழையைப் பொறுக்கும் தொடர்களில் பெரும்பாலும் ‘ஏன் பொறுக்கிறேன்’ என்ற காரணமும் உள்ளேயே இருக்கும். தமிழிலும் அப்படித்தான். ‘கண் தப்பிப் போச்சு’ என்றால் கவனிக்கவில்லை. ‘வாய் தவறி வந்துட்டுது’ என்றால் நினைத்துச் சொல்லவில்லை. ‘யானைக்கும் அடி சறுக்கும்’ என்றால் கெட்டிக்காரருக்கும் நடக்கும். இந்த மூன்றையும் இடம் மாற்றிப் போட்டால் நம் காதுக்கு உடனே இடறும். ஆங்கிலத் தொடர்களும் அப்படியே. எந்தக் காரணத்துக்கு எந்தத் தொடர் என்பது ஒன்று. அதைச் சொல்லத் தகுந்தவர் பிழை விட்டவரா, பொறுத்துக்கொள்கிறவரா என்பது மற்றது. இந்த இரண்டாவதில்தான் ஆட்கள் கூடுதலாகச் சறுக்குகிறார்கள்.

சரி, அந்த மெயிலுக்கு வருவோம். ‘ஈஸி மிஸ்டேக் டு மேக்’ என்பதற்குச் சின்னப் பிழை என்று பொருளில்லை. அந்த இடத்தில் பிழை விடுவது சுலபம், அவ்வளவுதான். பழியைத் தூக்கி அந்தச் சூழ்நிலையின் தலையில் போடுகிறார் சொல்பவர்: ஒரே பெயரில் இரண்டு வீதி இருந்தால் யாருக்கும் குழம்பத்தானே செய்யும்? பிழை பெரிதாக இருந்தாலும், விடுவதற்குச் சுலபமான பிழையாக இருந்தால் இதைச் சொல்லலாம். பிரித்தானியர்கள் இதையே சுருக்கி ‘ஈஸிலி டன்’ என்பார்கள். ‘இட் குட் ஹேவ் ஹப்பன்ட் டு எனிவன்’ என்பதும் இதே குடும்பம்தான்.

இதற்குப் பதிலாக இன்னொரு சொரி வேண்டாம். ‘தாங்க் யூ ஃபோர் அண்டர்ஸ்டாண்டிங்’ என்று ஒரு வரி, பார்சல் எப்போது வந்து சேரும் என்று இன்னொரு வரி. மன்னிப்பு ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டது. அதற்கு மேலும் மன்னிப்புக் கேட்டால், எதிரில் இருப்பவர் உங்களைத் திரும்பவும் ஆறுதல்படுத்த வேண்டி வரும். அது அவருக்கு ஒரு புது வேலை.

அடுத்தது ‘ஒனஸ்ட் மிஸ்டேக்’. இது இலேசான தொடர் போலத் தெரியும், ஆனால் கவனமாகக் கையாள வேண்டியது. இது பொறுக்கும் காரணம் மனது: பிழைதான், ஆனால் கள்ளம் இல்லை. ஆகவே கள்ளம் இருந்திருக்கலாமோ என்று யாராவது நினைக்கக்கூடிய இடத்தில்தான் இந்தத் தொடருக்கு வேலை. புறக்கோட்டையில் மொத்தக் கடையில் பில் போடும்போது ஒரு பூச்சியம் கூடிவிட்டது, அல்லது மிச்சக் காசு குறைந்துவிட்டது. அங்கே ‘இட் வோஸ் ஆன் ஒனஸ்ட் மிஸ்டேக்’ என்றால் பொருத்தம், காசு விஷயம் பாருங்கள். ஆனால் ஒருவர் கூட்ட அறைக்குப் பதிலாகப் பக்கத்து அறைக்குள் நுழைந்துவிட்டார் என்றால் அங்கே யாரும் கள்ளத்தை நினைத்திருக்கவே மாட்டார்கள். அங்கே போய் ‘ஒனஸ்ட்’ என்றால், இல்லாத சந்தேகத்தை நாமே கொண்டுவந்து வைத்தது போலாகிவிடும்.

பிழைக்கும் கள்ளத்துக்கும் கோடு போடும் இந்தப் பழக்கம் நம் சட்டத்திலும் உண்டு. 1883 இல் இயற்றப்பட்டு 1885 இலிருந்து இலங்கையில் நடைமுறையில் இருக்கும் தண்டனைச் சட்டக்கோவை, நடந்த விஷயத்தை ஒருவர் நல்லெண்ணத்தோடு தவறாக விளங்கிக்கொண்டு செய்த செயலுக்கு விலக்கு அளிக்க இடம் வைத்திருக்கிறது. சட்டம் தெரியாமல் செய்தேன் என்பதற்கு அந்தச் சலுகை கிடையாது. ‘எனக்கு நிலைமை தவறாக விளங்கிவிட்டது’ என்பது ஒன்று, ‘எனக்குச் சட்டம் தெரியாது’ என்பது வேறொன்று.

நீதிமன்றத்தைத் தொட்டதால் ‘பெனிஃபிட் ஒஃப் த டௌட்’ பற்றியும் சொல்லிவிடுகிறேன். புதுக்கடை நீதிமன்றங்களில் நடக்கும் வழக்குகளைப் பத்திரிகையில் படிக்கிறவர்களுக்கு ‘சந்தேகத்தின் பலன்’ என்ற சொல் பழக்கமானது. குற்றம் நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்கப்படாவிட்டால், அந்தச் சந்தேகத்தின் பலன் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கே போகும். அதைவிடக் கூடுதலான பேர் இதைக் கேட்டிருப்பது கிரிக்கெட் வர்ணனையில். ரன் அவுட்டா இல்லையா என்று சொல்ல முடியவில்லை, பெனிஃபிட் ஒஃப் த டௌட் துடுப்பாட்ட வீரருக்கு என்பார்கள். நடுவரின் தீர்ப்பை மேன்முறையீடு செய்யும் டீஆர்எஸ் முறை முதன்முதலில் பரீட்சித்துப் பார்க்கப்பட்டது 2008 இல் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் நடந்த டெஸ்ட் தொடரில்தான். அந்தத் தொடரின் முதல் போட்டி இங்கே கொழும்பில் எஸ்எஸ்சி மைதானத்தில் நடந்தது. பிறகு வந்த ‘அம்பயர்ஸ் கோல்’ விதியில் பந்து ஸ்டம்பில் மயிரிழையில் படுவதாகத் திரை காட்டினால், மைதானத்தில் நடுவர் முதலில் சொன்னதே நிற்கும். அங்கே சந்தேகத்தின் பலன் துடுப்பாட்ட வீரருக்குப் போவதில்லை, நடுவரின் தீர்ப்புக்குப் போகிறது.

கிரிக்கெட்டில் கேட்டதால் இது நல்ல சொல் என்று நினைத்து முகத்துக்கு நேரே பயன்படுத்திவிடாதீர்கள். ‘ஐ வில் கிவ் யூ த பெனிஃபிட் ஒஃப் த டௌட்’ என்று உங்கள் முகாமையாளர் சொன்னால், அவர் முழுதாக நம்பவில்லை. சந்தேகம் அப்படியே இருக்கிறது, இந்த முறை உங்கள் பக்கம் சாய்த்து விடுகிறேன் என்கிறார். அதை ஓர் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்வதுதான் புத்தி. அதுவே அங்கில்லாத ஒருவரைப் பற்றிச் சொல்லும்போது மிக நல்ல சொல்லாகிவிடும். தம்பி ஏன் இன்னும் வரவில்லை என்று எல்லோரும் முணுமுணுக்கும்போது, ‘லெட்ஸ் கிவ் ஹிம் த பெனிஃபிட் ஒஃப் த டௌட்’ என்று ஒருவர் சொன்னால், பஸ் கிடைக்காமல் போயிருக்கலாம், விசாரிக்காமல் குறை சொல்ல வேண்டாம் என்று அர்த்தம்.

எனக்கு மிகவும் பிடித்த தொடர் ‘யூ வேர்ன்ட் டு நோ’. இதைத்தான் நம் ஆட்கள் அதிகம் பிழையாக விளங்கிக்கொள்கிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ கொழும்புக்கு வேலைக்கு வந்த ஒரு தம்பியிடம், டூப்ளிகேஷன் ரோட்டில் ஒரு கடிதத்தைக் கொடுத்துவிட்டு வா என்று அனுப்புகிறார்கள். பம்பலப்பிட்டியில் இறங்கி அவன் தேடுகிறான். வீதிப் பெயர்ப்பலகையில் ஆர். ஏ. டி மெல் மாவத்தை என்றுதான் இருக்கிறது. ஊர் வாயில் டூப்ளிகேஷன் ரோட், பலகையில் டி மெல் மாவத்தை. புல்லர்ஸ் ரோட் என்று ஆட்கள் சொல்வது பௌத்தாலோக மாவத்தை, டரட் ரோட் என்பது தர்மபால மாவத்தை. இந்த நகரத்தில் பிறந்து வளர்ந்தவருக்கு இது பழக்கம், வந்து இறங்கியவருக்கு எப்படித் தெரியும்? தம்பி அரை மணித்தியாலம் பிந்தி, வியர்த்து வழிந்து வந்து மன்னிப்புக் கேட்கிறான். அங்கே இருக்கும் அக்கா சொல்கிறார்: “ஓ, யூ வேர்ன்ட் டு நோ.”

இதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘உனக்குத் தெரியக் கூடாது’ என்று வந்துவிடும். ஏதோ இரகசியத்தை மறைக்கிறார்களோ என்று பயப்படுகிறவர்களும் உண்டு. அவர் சொன்னது ‘உங்களுக்கு அது தெரிந்திருக்க வழியே இல்லையே தம்பி’ என்பதைத்தான். இதையே கேள்வியாகவும் கேட்பார்கள்: ‘ஹவ் வேர் யூ டு நோ?’ அதற்குப் பதில் தேடி, ‘ஐ ஆஸ்க்ட் எ த்ரீவீலர் ட்ரைவர்’ என்று விளக்கம் கொடுக்க வேண்டியதில்லை. தலையை ஆட்டிவிட்டு நன்றி சொன்னால் போதும். இது பொறுத்துக்கொள்ளும் காரணம் தகவல் இல்லாமை. அதனால் தெரிந்திருக்க வேண்டிய விஷயத்துக்கு இதைக் கேட்க முடியாது. ஒரு வருடம் அதே வீதியில் வேலை செய்தவர் வழி தவறினால் யாரும் ‘யூ வேர்ன்ட் டு நோ’ சொல்லப் போவதில்லை.

இதோடு சேர்ந்து வரும் இன்னொன்று ‘ஹைண்ட்சைட் இஸ் ட்வென்டி ட்வென்டி’. நடந்து முடிந்த பிறகு எல்லாம் தெளிவாகத்தான் தெரியும், அந்த நேரத்தில் தெரிந்திருக்காது என்று ஆறுதல் சொல்வது. 20/20 என்பது கண் பரிசோதனைக் கணக்கு: 20 அடி தூரத்திலிருந்து சாதாரணக் கண்ணுக்குத் தெரிய வேண்டியது உங்களுக்கும் தெரிகிறது. இலங்கையில் கண் டொக்டர் அதையே மீட்டரில் 6/6 என்று எழுதுவார். நம்முடைய ‘கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்’ இதற்கு இணை என்று சிலர் சொல்வார்கள். நான் அதை ஏற்கமாட்டேன். அது பிந்தி விழித்தவரைக் கண்டிக்கிற பழமொழி, இது பிழை விட்டவரை விட்டுக்கொடுக்காத பேச்சு.

யானைக்கு அடி சறுக்கும் கதைக்கு ஆங்கிலத்தில் ‘இட் ஹப்பன்ஸ் டு த பெஸ்ட் ஒஃப் அஸ்’ இருக்கிறது. எங்களில் மிகத் திறமையானவர்களுக்கும் நடப்பதுதான் என்று சொல்லி, பிழை விட்டவரையும் அந்தத் திறமையானவர்களோடு சேர்த்து உட்கார வைத்துவிடும். பழைய பாணியில் எழுதுகிறவர்கள் ‘ஈவன் ஹோமர் நொட்ஸ்’ என்பார்கள். கிரேக்க மகாகவி ஹோமரும் சில இடங்களில் தூங்கி விழுவார் என்று ரோமானியக் கவிஞர் ஹொரஸ் எழுதியதிலிருந்து வந்தது. இன்றைக்கு ஒபிஸ் மெயிலில் இதைப் போட வேண்டாம், யாராவது எழுதியிருந்தால் விளங்கினால் சரி. ‘டு எர் இஸ் ஹியூமன்’ இதைவிடப் பிரபலம். பிழை விடுவது மனித இயல்பு என்பது லத்தீனில் ஏற்கனவே இருந்த பழமொழி. 1711 இல் அலெக்சாண்டர் போப் அதோடு ‘மன்னிப்பது தெய்வ இயல்பு’ என்ற பாதியையும் சேர்த்து ஒரே அடியில் எழுதிவிட்டார். அந்தப் பின்பாதி கேட்கிறவரைப் பார்த்துச் சொல்வது போல் இருப்பதால், பிழை விட்டவர் வாயில் அது நன்றாக இருக்காது. ‘நான் மனிதன், நீங்கள் தெய்வமாக இருந்து மன்னியுங்கள்’ என்று நாமே கேட்டுக்கொள்கிற மாதிரி.

இங்கேதான் யார் சொல்வது என்ற கேள்வி வருகிறது. ஒபிஸில் உங்கள் கை பட்டு, பக்கத்து மேசை அண்ணாவின் கடதாசிகளில் பிளேன்டீ கொட்டிவிட்டது. அவர் துடைத்துக்கொண்டே ‘நோ ஹாம் டன்’ என்கிறார். ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்பதால் பொறுத்துக்கொள்கிறார், நல்ல மனிதர். அதே சொல்லை அவருக்கு முன்னால் நீங்கள் சொல்லியிருந்தால்? கொட்டியவரே ‘ஒன்றும் ஆகவில்லை’ என்றால், இழந்தது என்ன என்று தீர்மானிக்கும் உரிமையை அவரிடமிருந்து பிடுங்கியதாகிவிடும். ‘டோன்ட் வொரி அபவுட் இட்’, ‘வீ ஹேவ் ஓல் பீன் தேர்’ எல்லாம் இதே வகை. கடைசியாகச் சொன்னதில் வரும் ‘தேர்’ எந்த இடத்தையும் காட்டவில்லை, நாங்கள் எல்லோரும் இப்படியான நிலைமையில் இருந்திருக்கிறோம் என்பதுதான். இதைச் சொல்கிறவர் தானும் பிழை விட்டவன் என்று ஒத்துக்கொண்டு கீழே இறங்கி வருகிறார். அதனால்தான் மேலதிகாரி வாயிலிருந்து வரும்போது இதற்கு இவ்வளவு மதிப்பு.

பிழை விட்டவர் சொல்லக்கூடியவையும் உண்டு, அவை வேறு. ‘இட் ஸ்லிப்ட் மை மைண்ட்’, மறந்து போய்விட்டது. சின்ன விஷயங்களுக்கு மட்டும். சம்பளப் பட்டியலை அனுப்ப மறந்தவர் இதைச் சொன்னால் எடுபடாது. ‘ஸ்லிப் ஒஃப் த டங்’ நம்முடைய வாய் தவறுதல்தான். ‘மை பேட்’ அமெரிக்கக் கூடைப்பந்தாட்ட மைதானங்களிலிருந்து பரவிய பேச்சு, நண்பர்களுக்குள் சரி, வாடிக்கையாளருக்கு வேண்டவே வேண்டாம். மெயிலில் பொருத்தமானது ‘ஆன் ஓவர்சைட் ஒன் மை பார்ட்’, என் பக்கத்தில் கவனிக்காமல் விடுபட்டது. அந்த ‘ஒன் மை பார்ட்’ முக்கியம், விட்டுவிடாதீர்கள். ஓவர்சைட் என்பதற்கு மேற்பார்வை என்றும் ஒரு பொருள் இருக்கிறது. நம் பாராளுமன்றத்தின் துறைசார் மேற்பார்வைக் குழுக்களின் ஆங்கிலப் பெயரில் இருப்பது இதே சொல்தான். எந்தப் பொருள் என்பதை வசனத்தைப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும்.

புதியவர்களுக்காகப் பிறர் பரிந்து பேசும் தொடர்களும் சில இருக்கின்றன. ‘கட் ஹர் சம் ஸ்லாக்’ என்றால் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்திப் பிடி, பிள்ளையைப் போட்டு நெருக்காதே. புது மென்பொருள் போட்ட வாரத்தில் எல்லாம் குழம்பினால் அது ‘டீதிங் ட்ரபிள்ஸ்’, பால்பல் முளைக்கும்போது குழந்தை படும் பாடு. ‘ரூக்கி மிஸ்டேக்’ மட்டும் வேறு மாதிரி. புதியவர் விடும் பிழை என்று கனிவாகச் சொல்வது போலத் தெரிந்தாலும், ஏளனம் பாதி கலந்தது. அனுபவமுள்ள ஒருவரைப் பார்த்துச் சொன்னால் அவமதிப்பாகவே எடுத்துக்கொள்வார். ‘டோன்ட் பீட் யோர்செல்ஃப் அப்’ என்று யாராவது உங்களிடம் சொன்னால், நீங்கள் மன்னிப்புக் கேட்டது போதும், உங்களையே வருத்திக்கொள்ளாதீர்கள் என்று அர்த்தம். அந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள்.

கடைசியாக, தமிழிலிருந்து நாம் தெரியாமலே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும் ஒரு பழக்கம். நாம் ‘ஒரு பிழை நடந்துட்டுது சேர்’ என்போம். தமிழில் அதில் மரியாதையும் இருக்கிறது, கூச்சமும் இருக்கிறது. சொல்பவர்தான் பிழை விட்டவர் என்று கேட்பவருக்கும் விளங்கும். ஆனால் அதையே ஆங்கிலத்தில் ‘எ மிஸ்டேக் ஹேஸ் ஹப்பன்ட்’ என்று எழுதினால், ஆளை மறைக்கிற பேச்சாகக் கேட்கும். ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கு இந்த அமைப்பில் ஏற்கனவே ஒரு கசப்பு இருக்கிறது, காரணம் அரசியல்வாதிகள். ‘மிஸ்டேக்ஸ் வேர் மேட்’ என்பது அங்கே பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் வசனத்துக்கே பெயராகிவிட்டது. ஈரானுக்கு ஆயுதம் விற்ற விவகாரத்தில் மாட்டிக்கொண்டிருந்த அமெரிக்க ஜனாதிபதி றேகன் 1987 ஜனவரியில் காங்கிரசில் ஆற்றிய உரையில், பாரதூரமான பிழைகள் விடப்பட்டன என்று இதே அமைப்பில்தான் சொன்னார். அதற்கு நூறு வருடங்களுக்கும் முன்னால், 1876 இல், ஜனாதிபதி கிராண்ட் தன் ஆட்சியைப் பற்றிக் காங்கிரசுக்கு எழுதியபோதும் பிழைகள் விடப்பட்டிருக்கின்றன என்றுதான் எழுதினார். ஆனால் அந்த இடத்திலேயே, அதை எல்லோரும் பார்க்கலாம், நானும் ஒத்துக்கொள்கிறேன் என்றும் சேர்த்துக்கொண்டார்.

ஆகவே பிழை உங்களுடையது என்றால் வசனத்தை ‘ஐ’ என்று தொடங்குங்கள். ‘ஐ சென்ட் த ரோங் ஃபைல். ஐ ஆம் சொரி. த கரெக்ட் வன் இஸ் அட்டாச்ட்.’ மூன்று சின்ன வசனம். ஈஸி மிஸ்டேக், ஒனஸ்ட் மிஸ்டேக் எல்லாம் உங்கள் மெயிலில் வர வேண்டாம், அவற்றை எதிரில் இருப்பவருக்கு விட்டுவிடுங்கள். அப்புறம், அந்தச் சரியான ஃபைலை உண்மையிலேயே இணைத்துவிட்டீர்களா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு அனுப்புங்கள்.